எக்ஸ்ரே ஃபிலிமில் சுலோசனாவின் சாயல்: ஏழாவது ஷீட்டில் முகம் வந்துவிட்டது

நேற்றுக் காலை ஸ்டோர் ரூமில், சிவப்பு பல்பின் கீழே, ட்ரேக்குள் ஒரு முகம் மெல்ல எழும்பி வந்தது. இது ஏழாவது ஷீட். முதல் ஆறில் ஒன்றுகூட நினைத்த முகத்தைத் தரவில்லை. கதவைத் திறக்க முடியாது என்பதால் உள்ளே நின்றபடியே "வந்திருச்சு, வந்திருச்சு" என்று கத்தினேன். வெளியே நின்ற அண்ணன் மகள், "இந்தத் தடவையாச்சும் மூக்கு தெரியுதுங்களா சித்தப்பா?" என்று கேட்டாள். மூக்கு மட்டுமல்ல, கன்னத்தில் வெளிச்சம் வழிவது வரைக்கும் தெரிந்தது.

ஊமைப்படக் காலத்துச் சுலோசனாவின் ஸ்டில்களில் ஒரு சாயல் உண்டு. பளிங்குக் கன்னம், கறுத்த உதடு, ஒளி தேங்கிய கண். அது எப்படி உண்டானது என்று கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஆறு மாத வேலை. இந்திப் படங்களில் அம்மாவாகவே பேர் வாங்கிய சுலோசனா லாட்கர் வேறு. இவர் ரூபி மையர்ஸ், 1907-ல் புனேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். என் அப்புச்சி கோவை வெரைட்டி ஹாலில் ஊமைப்படம் பார்த்த தலைமுறை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய அந்தத் தியேட்டரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் சுலோசனாவில்தான் முடிப்பார். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு பத்திரிகைப் பக்கம்தான் எனக்கு மாதிரி. படங்களைப் பார்த்துக் கற்கலாம் என்றால் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. மிச்சமிருப்பது ஸ்டில்கள்தான்.

அன்றைய ஃபிலிம் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமாட்டிக். நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. புது ஆர்த்தோ ஷீட் வரவழைத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. பச்சை ஒளிக்கான எக்ஸ்ரே ஃபிலிமுக்கும் அதே குணம் இருப்பதால் அதில் இறங்கினேன். கோவையில் மருத்துவப் பொருள் விற்கும் ஒரு கடையில் 8-க்கு 10 அங்குலப் பெட்டி கிடைத்தது. இதன் தொல்லை, இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளி பட்டுப் படம் பதியும் பூச்சு. நகம் பட்டாலே கீறல். முதல் இரண்டு ஷீட் அப்படித்தான் போயின. ட்ரேக்குள்ளே அடியில் கண்ணாடித் தகடு ஒன்றைப் போட்ட பிறகு கீறல் நின்றுவிட்டது. கேமரா, மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவில் வாங்கிய ஹாஃப் பிளேட் மரப்பெட்டி, ஷீட்டை அதன் சின்ன அளவுக்கு வெட்டித்தான் போட வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் ஷட்டர்.

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் பழைய டி-76 தான், நானே கலக்குகிறேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோக்வினோன் 5, வெங்காரம் 2. திருப்பூர் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்க உப்புப் புள்ளி. அதனால் வடவள்ளியில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து சிறுவாணித் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இன்னொரு எச்சரிக்கை. எங்கள் ஊர் சாயப்பட்டறைக் கெமிக்கல் கடையில் போய் "ஹைப்போ" என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் கேனில் ஊற்றிக் கொடுத்தது சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் மருந்து. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தது. நல்லவேளை, ட்ரேயில் ஊற்றவில்லை. படத்தை அழியாமல் நிலைநிறுத்த நமக்கு வேண்டிய ஹைப்போ சோடியம் தயோசல்ஃபேட், கல்கண்டு மாதிரிக் கட்டியாக இருக்கும். முழுப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோவது நல்லது.

சரி, முகத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் நான்கு மாதத்தைத் தின்றது இதுதான்.

மூன்றாவது ஷீட்டுக்கு அண்ணன் மகள் ஆசையாகத் தயாராகி வந்தாள். மஞ்சள் பூசிக் குளித்த முகம், குங்குமப் பொட்டு, தலையில் கனகாம்பரம், அரக்குப் பட்டு. நெகட்டிவைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையை மாற்றிப் பார்த்தால் குங்குமம் கரித்துண்டு. கனகாம்பரம் காக்கை இறகு. பட்டு பின்னால் இருந்த இருட்டோடு கலந்துவிட்டது. மஞ்சளோ, நம் கண்ணுக்கு ஒளி கூட்டுவது, இந்த ஃபிலிமில் முகத்தை மங்கவைத்துவிட்டது. உதட்டுச் சிவப்பும் கன்னத்துச் செம்மையும் எல்லாம் கருமை. "பொட்டு கரியாட்டம் இருக்குதுங் சித்தப்பா" என்றாள். அவள் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான்காவது ஷீட்டில் ஆளை வைத்து எடுக்கவில்லை. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகப் பூசி எடுத்தேன். திருநீறு சுத்த வெள்ளை. சந்தனம் தோலைவிடக் கொஞ்சம் வெளுப்பு. குங்குமமும் செம்மண்ணும் ஒரே கறுப்பு. நீலக் கண்மை வைத்த இடம் அநேகமாக வெள்ளை, இது எனக்குப் பெரிய ஆச்சரியம். ராணி பிங்க் லிப்ஸ்டிக்கில் நீலம் கலந்திருப்பதால் நடுச் சாம்பல். சிவப்பு லிப்ஸ்டிக் போட்டால் வாய் இருக்கும் இடத்தில் ஓட்டைதான். அக்கால நடிகர்கள் வெளிர் பூச்சை ஏன் அப்படி அப்பிக்கொண்டார்கள் என்பது அந்த ஒரு கையிலேயே புரிந்துவிட்டது.

அந்தப் பாடத்தை வைத்து ஐந்தும் ஆறும். சந்தனத்தோடு பவுடர் குழைத்து முகம் முழுக்கப் பூசி, உதட்டுக்கு ராணி பிங்க், கண்ணோரம் மை. ஆறாவதில் சாயல் வந்தது என்றே சொல்லலாம். பத்திரிகைப் பக்கத்தின் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய அதே கன்னம். ஆனால் அவள் மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. படத்தில் இருந்தது வேறு யாரோ. "நான் எங்கீங் சித்தப்பா இதுல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஸ்டோர் ரூமுக்குள் நான் போகவில்லை.

அந்த மூன்று வாரமும் சுலோசனாவைப் பற்றியே யோசித்தேன். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை கோஹினூர் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டபோது முதலில் மறுத்தார். நடிப்பு கௌரவமான வேலையாகக் கருதப்படாத காலம். அதனால்தான் யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் அதிகம் வந்தார்கள். சீதா தேவி என்று திரையில் வந்தவரின் பெயர் ரெனீ ஸ்மித். இது எல்லோரும் சொல்கிற காரணம், சரியான காரணமும்கூட. ஆனால் அந்த ஃபிலிமைக் கையில் பிடித்த பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வெளுத்த தோலை அது தாங்கிப் பிடிக்கும், நம் பெண்களின் தோலைக் கீழே தள்ளும். யார் நட்சத்திரம் ஆகலாம் என்பதில் அந்தப் பெட்டிக்குள் இருந்த எமல்ஷனுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். இது என் எண்ணம்தான், ஆனாலும் அழுத்தமாகவே நினைக்கிறேன்.

அதற்காக அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1926-ல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, அடுத்த ஆண்டு ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’யில் எட்டு வேடம், 1928-ல் ‘மாதுரி’, ‘அனார்கலி’, 1929-ல் ‘இந்திரா பி.ஏ.’. மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்பார்கள். அவரை வைத்துப் படம் எடுத்த அதே இம்பீரியல் கம்பெனி 1931-ல் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்தபோது நாயகி ஜுபைதா. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. அதே ஆண்டு, அதே கம்பெனி, தமிழின் முதல் பேசும் படமான நம் ‘காளிதாஸ்’. மேடையில் பாடிப் பழகிய டி.பி.ராஜலட்சுமிக்கு அங்கே கதவு திறந்தது.

பேசும் படம் வந்தது, சுலோசனா முடிந்தார் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை. அவர் மொழியைக் கற்றுக்கொண்டு 1932-லேயே பேசும் ‘மாதுரி’யோடு திரும்பினார். ‘இந்திரா பி.ஏ.’ 1934-ல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனது. 1935-ல் மறுபடியும் ‘அனார்கலி’. இன்னொரு தடையும் கூடவே வந்தது. ஹாலிவுட்டில் ஆர்க் விளக்கின் இரைச்சல் மைக்கில் விழுந்ததால் சத்தமில்லாத பல்புகளுக்கு மாறினார்கள். பல்பு வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், ஆர்த்தோவுக்கு அது உதவாது. எனவே எல்லா நிறமும் தெரியும் பான்குரோமாட்டிக் நிலைத்தது. குரலோடு சேர்ந்து முகத்தின் கணக்கும் மாறிவிட்டது. அதையும் தாண்டித்தான் அவர் நின்றார். அவரைப் பின்னுக்குத் தள்ளியது பழைய வெற்றிகளையே திரும்பத் திரும்ப எடுத்ததும், முப்பதுகளின் முடிவில் இம்பீரியல் மூடியதும், இளைய முகங்கள் வந்ததும். 1953-ல் இன்னொரு ‘அனார்கலி’ வந்தபோது அவர் சலீமின் தாய். 1973-ல் பால்கே விருது, 1983-ல் மும்பையில் மறைவு.

ஏழாவது ஷீட்டுக்கு அவளிடம், "ஒண்ணும் பூசாம வா சாமி" என்றேன். தாழ்வாரத்திலிருந்து தொட்டிக்கட்டு முற்றத்தின் ஓரத்துக்கு நாற்காலியை நகர்த்தினேன். வெயில் விழவில்லை, நீல வானத்து வெளிச்சம் மட்டும். அது இந்த ஃபிலிமுக்குச் சாப்பாடு மாதிரி. முகத்தை வெளுக்கவைப்பதற்குப் பதில் வெளிச்சத்தைக் கூட்டுவோம் என்று முடிவுசெய்தேன். அதற்கு முன் ஒரு விநாடி கொடுத்தவன் முற்றத்து வெளிச்சத்திலும் மூன்று விநாடி கொடுத்தேன். அவள் தலையைத் தூணில் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெவலப்பரில் பத்து நிமிடத்தை ஏழாகக் குறைத்தேன், வெள்ளைச் சேலை எரிந்துபோகாமல் இருக்க. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, அதற்குள்ளே கன்னமும் மூக்கும் தாடையும் தனித்தனியாக நின்றன. சுலோசனாவின் ஸ்டில்லில் உள்ள அந்தக் கண் ஒளி அப்படியே, ஆனால் அவள் கண்ணில். ஸ்கேனைக் காட்டியதும் வாங்கி வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை.

இன்னும் காகிதத்தில் பிரிண்ட் போடவில்லை. காகிதத்தில் உப்பும் சில்வர் நைட்ரேட்டும் பூசி எடுக்கும் உப்பு பிரிண்ட் போடலாம் என்று பார்க்கிறேன். சில்வர் நைட்ரேட் விலை கையைச் சுடுகிறது. காகிதத்துக்குப் பதில் வெளுத்த பனியன் துணியில் போட்டுப் பார்த்தால் என்ன என்றும் ஓடுகிறது, துணிக்கு இங்கே பஞ்சமில்லை. அதற்குள் ஆத்தா, "என்னையும் ஒண்ணு புடிடா" என்கிறது. எண்பத்தெட்டு வயதில் மூன்று விநாடி அசையாமல் இருக்க முடியுமா தெரியவில்லை, தூணோரமே உட்காரவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் முற்றத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் எடுத்துவிட உத்தேசம். பெட்டியில் இன்னும் பதினொரு ஷீட் இருக்கிறது.