நலங்குப் பாட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும்

ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் எடிட்டிங் மிஷினை அழித்துப் புதிதாக ஏற்றிவிட வேண்டும் என்று ஆடி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைத்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். டெபியன் 12 என்ற லினக்ஸ், ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி, ரெய்டு 0 முறையில் (இரண்டு டிஸ்க்கை ஒரே டிஸ்க்காக ஓட்டும் முறை) சேர்த்த இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க். சேலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தோழிகள் இரண்டு பேர் எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். முன்பு தப்பாகச் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2022 ஆவணியில் ஏற்காட்டில் ஒரு கல்யாணம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, விடியற்காலைப் பனியில் மூன்று கேமராவோடு எடுத்தது. அப்போது என் மிஷினில் இருந்தது இரண்டே டிஸ்க். மிஷின் எழும்போதே ஓடும் பயாஸ் அமைப்பில் போய் ரெய்டு 0 என்று சேர்த்து, அதன் மேலேயே விண்டோஸ் ஏற்றி, அதற்குள்ளேயே எல்லா ஃபுட்டேஜையும் கொட்டி வைத்திருந்தேன். வேகமாகத்தான் ஓடியது. கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தது. மறுநாள் காலையில் மிஷின் எழுந்திருக்கவே இல்லை.

கேமராமேன் இரண்டு கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, ‘காப்பி ஆயிடுச்சுண்ணா’ என்று சொன்னது நான். மூன்றாவது கார்டு பிழைத்தது. தாலி கட்டுவது அதில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெண்ணின் அம்மாச்சி உட்கார்ந்து பாடிய நலங்குப் பாட்டு அதில் இல்லை. டேட்டா ரெக்கவரி செய்கிற இடத்துக்கு டிஸ்க்கை அனுப்பிப் பார்த்தோம், டேட்டா பதியும் தட்டான பிளாட்டரே கீறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் மொபைலில் எடுத்திருந்த நாற்பது நொடி மட்டும் கிடைத்தது. பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. ‘அவங்களுக்கு இனிமே அவ்வளவு நேரம் உக்காந்து பாட முடியாதும்மா’ என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டும்போது அந்தக் குரல் காதில் வருகிறது.

ரெய்டு 0 என்ன செய்கிறது என்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். ஒரு ஃபைலைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை முதல் டிஸ்க்கில், இரண்டாவதை இரண்டாவதில், மூன்றாவதைத் திரும்ப முதலாவதில் என்று மாற்றி மாற்றிப் போடும். இப்படிச் சேர்ந்த டிஸ்க் ஜோடியைத்தான் ஸ்ட்ரைப் என்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் பெரிய ஃபைலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஒரு டிஸ்க் போனால் ஒவ்வொரு பெரிய ஃபைலும் ஒன்றுவிட்ட துண்டுகளாகத்தான் மிஞ்சும். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகைதான் சொன்னார்கள். அந்த ஐந்திலும் ஒரு டிஸ்க் போனால் சமாளிக்க வழி உண்டு. பூஜ்யம் பின்னால் சேர்ந்த பெயர். உபரியாக எதுவுமே இல்லை என்பதுதான் அந்தப் பூஜ்யம்.

அப்பா அம்மாப்பேட்டையில் நாற்பது வருஷம் தறி நெய்தவர். அவருக்குச் சொல்லும்போது, ‘ரெண்டு நாடாப்பா. ஒரு ஊடை இதுல, அடுத்த ஊடை அதுல’ என்றேன். நாடா என்பது குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் கட்டை, தார் அதற்குள் இருக்கும் நூல் சுற்று. உடனே பிடித்துக்கொண்டார். ‘ஒரு நாடாவுல தார் தீந்தா வேற தார் போட்டு ஓட்டலாமே?’ என்றார். ‘ஓட்டலாம். ஆனா அதுவரைக்கும் நெய்ஞ்ச சேலையும் சேந்து போயிரும்’ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அப்ப அதுல சேலைய நெய்யாத. தார் சுத்தி வெச்சுக்க மட்டும் வெச்சுக்க’ என்றார். நான் இப்போது செய்திருப்பது சரியாக அதுதான்.

எங்கள் கேமரா 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் 540 ஜிபி. இது அசல். அசலை அப்படியே டைம்லைனில் போட்டால் புராசசர் திணறுகிறது, அதனால் எடிட்டிங்குக்கு எளிதான ப்ரோரெஸ் 422 என்ற வீடியோ வகையாக மாற்றிக்கொள்கிறேன். 4கே, 25 ஃபிரேமுக்கு அது நொடிக்கு 492 மெகாபிட், அதாவது சுமார் 61 எம்பி. மூன்று கேமராவையும் சேர்த்து ஓட்டினால் 184 எம்பி. என் டிஸ்க் ஒன்று தனியாக, காலியாக இருக்கும்போது கொடுப்பதே 190 சொச்சம். நிரம்ப நிரம்ப, உள்வட்டத்துக்குப் போகப் போக, அதில் பாதிக்கு இறங்கிவிடும். மூன்று ஃபைலுக்கு நடுவே ஹெட் தாவும் நேரம் வேறு. ஆகவே ஸ்ட்ரைப் தேவைப்படுவது ப்ரோரெஸ் ஃபைல்களுக்கு மட்டும். அவை போனால் ஒரு ராத்திரி மிஷினை ஓடவிட்டு அசலிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அசல் அங்கே இருக்கவே கூடாது.

சிஸ்டத்தை ஸ்ட்ரைப்பில் போடுவதிலும் லாபம் இல்லை. லினக்ஸின் ரெய்டு கருவி தானாக எடுத்துக்கொள்ளும் துண்டின் அளவு 512 கேபி. சிஸ்டம் ஃபைல்களில் பெரும்பாலானவை அதைவிடச் சின்னவை, ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். அதற்கு எஸ்எஸ்டிதான் சரி.

இனி ஏற்றும் வேலை. கேபினெட்டைத் திறந்து முதலில் செய்தது, பேக்கப் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றியது. இன்ஸ்டாலர் திரையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும் பெயர்களை நம்பி எதையும் அழிக்கக் கூடாது, அடுத்த தடவை வரிசை மாறி வரலாம். டிஸ்க் லேபிளில் இருந்த சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொண்டேன். பயாஸில் ரெய்டு என்றிருந்ததை, டிஸ்க்குகளைத் தனித்தனியாகவே காட்டும் ஏஹெச்சிஐ ஆக்கினேன். மதர்போர்டு சேர்த்து வைக்கும் ரெய்டு அந்த போர்டின் வகையோடு ஒட்டிக்கொள்ளும், போர்டு எரிந்து வேறு கம்பெனி போர்டு போட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் திண்டாட வேண்டும். லினக்ஸ் தானே சேர்த்த ரெய்டை எந்த லினக்ஸ் மிஷினில் கொண்டுபோய் மாட்டினாலும் அது டிஸ்க்கைப் படித்தே அடையாளம் கண்டுகொள்ளும். இடிக்கும் மின்னலுக்கும் பேர்போன மாதங்களில் இது எனக்குப் பெரிய நிம்மதி.

டெபியன் இன்ஸ்டாலரில் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. டிஸ்க் பிரிக்கும் இடம் வந்ததும் மேனுவல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் மிஷின் எழுவதற்கான ஈஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, மெமரி போதாதபோது உதவும் ஸ்வாப் கொஞ்சம், மீதி சிஸ்டம் இருக்கும் ரூட். ஈஎஃப்ஐ பகுதியை ஸ்ட்ரைப்பில் வைக்கவே முடியாது, பயாஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் புதுப் பார்ட்டிஷன் டேபிள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பார்ட்டிஷன், அதாவது ஒரே பகுதி. அதன் பயன்பாடு என்ற இடத்தில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) என்று விட்டுவிடாமல் ரெய்டுக்கான ஃபிசிக்கல் வால்யூம் என்று மாற்ற வேண்டும். மேலே சாஃப்ட்வேர் ரெய்டு என்ற வரி வரும். உள்ளே போய் எம்டி டிவைஸ் உருவாக்கு, ரெய்டு 0, இரண்டு பார்ட்டிஷனுக்கும் டிக், முடிந்தது.

பலர் இங்கேதான் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். ரெய்டு உருவாகிவிட்டதே என்று அப்படியே மேலே போனால் அது எங்கும் மவுண்ட் ஆகாது, அதாவது ஒரு ஃபோல்டராகத் திறக்காது. பட்டியலில் ‘ரெய்டு 0 டிவைஸ்’ என்று புதிதாக ஒரு டிஸ்க் வந்திருக்கும். அதையும் சாதாரண டிஸ்க்கைப் போலவே தொட்டு, ஈஎக்ஸ்டி4 என்று சொல்லி, எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்பதையும் கொடுக்க வேண்டும். நான் ‘/தார்’ என்று பெயர் வைத்தேன்.

சிஸ்டம் எழுந்ததும், எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து, ‘/தார்’ இருக்கும் வரியில் நோஃபெயில் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். இல்லாவிட்டால் ஸ்ட்ரைப் செத்த அன்றைக்கு மிஷின் ஒன்றரை நிமிஷம் அதற்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி திரையில் போய் நின்றுவிடும். சேர்த்தால் ஸ்ட்ரைப் இல்லாமலே எழுந்திருக்கும். 2022-இல் அந்தக் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இந்த ஒரு சொல் மேல் தனி மரியாதை உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பார்த்துச் சொல்லும் ஸ்மார்ட் பரிசோதனையும் வாரம் ஒரு முறை ஓடும்படி வைத்திருக்கிறேன். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றிய இடம்), பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் இடம்) இரண்டில் எது பூஜ்யத்திலிருந்து நகர்ந்தாலும் அந்த டிஸ்க்கை அன்றே மாற்றுவதாக முடிவு. டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள், தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகையில் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து மேலே மேலே எழுதினால் வேகம் படுத்துவிடும்.

எழுதிப் பார்த்ததில் நொடிக்கு 370 எம்பி வந்தது. மூன்று கேமராவும் திக்காமல் ஓடுகின்றன. கார்டிலிருந்து காப்பி ஆவது மட்டும் கொஞ்சமும் கூடவில்லை, கூட வழியும் இல்லை, அங்கே தடுப்பது கார்டும் ரீடரும்தான். நொடிக்கு 90 எம்பி.

அசல் இப்போது கார்டிலிருந்து நேராக 8 டிபி பேக்கப் டிஸ்க்குக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஒரு பிரதி, அது அஸ்தம்பட்டியில் தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கும். இரண்டிலும் செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒத்துப்போன பிறகுதான் ‘/தார்’ பக்கம் ப்ரோரெஸ் ஓடத் தொடங்கும்.

நேற்று ஏற்காட்டில் ஒரு நிச்சயதார்த்தம். சாயங்காலம் மூன்று கார்டையும் கொண்டுவந்து கொடுத்த தம்பி, டீ குடித்துவிட்டுப் போனவன், எட்டு மணிக்கு ஃபோன் செய்தான்.

‘அக்கா, நாளைக்கு ஓமலூர்ல ஒரு காதுகுத்துங்க. கார்ட அழிச்சுரட்டுங்களா?’

‘வேண்டாம் தம்பி. ரெண்டாவது காப்பி இன்னும் ஓடிட்டிருக்கு. வேற கார்டு போட்டு எடுத்துக்கோ. நானே கூப்பிட்டுச் சொல்றேன்.’