மாஸ்டரின் நாக்கும் என் வெப்பமானியும்

அந்த அண்டாச் சோற்றைக் கொட்டச் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று மாஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் போதுமானதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

விடுதி மெஸ்ஸில் இரவு மிஞ்சும் சோறு காலையில் எலுமிச்சை சாதமாக மாறுவது புதிதல்ல. அன்று மிஞ்சியது அரை அண்டாவுக்கும் மேல். தாம்பாளத்தால் மூடி, மேலே ஈரத்துணி விரித்து, இரவு முழுவதும் அடுப்படியிலேயே வைத்திருந்தார்கள். மேற்சோறு தொட்டால் ஆறித்தான் இருந்தது. வெப்பமானியின் கம்பியை நடுவில் இறக்கியபோது 38 டிகிரி காட்டியது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது விரைவாக ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். இதுவோ இரண்டுக்கும் இடையில், கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் விடிய விடியக் கிடந்திருக்கிறது.

மாஸ்டர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார், வாயில் போட்டு மென்றார். "ஊசின வாடை இல்லை, நூல் விடலை. தாளிச்சுக் கிளறினா அந்தச் சூட்டுல எல்லாம் செத்துரும். பழைய சோறு தின்னு வளர்ந்தவங்கதானே தம்பி நாமெல்லாம்?"

அவர் சொன்னது அறியாமைப் பேச்சு அல்ல. அதனால்தான் அது என்னை இன்னும் உறுத்துகிறது. பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது, அந்தப் புளிப்பே பல கிருமிகளை அடக்குகிறது. மூடிய அண்டாவில் குவிந்திருக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலைக்கொதியிலும் பிழைத்து, சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில வகைகள் உண்டாக்கும் வாந்தி நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை; தாளிப்புச் சூடு அதற்கு எம்மாத்திரம்? 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் வறுத்த சாதத்தைச் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்ததும், வேகவைத்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மறுபடி வறுத்ததால்தான். அந்த நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. முப்பது வருடம் உப்பையும் புளியையும் பிசகாமல் கணித்த நாக்குக்கு அது பிடிபடாது என்பதைப் பையன்கள் சுற்றி நிற்கும்போது சொல்ல வேண்டியிருந்தது. தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் அதற்குள் கடுகு வெடிக்கத் தொடங்கியிருந்தது, பந்திக்கு நேரமும் இல்லை.

சற்று நேரம் பேசாமல் நின்றவர், "கொட்டிடலாம் தம்பி. இந்த அரிசிக்கு யாரு கணக்குச் சொல்றது?" என்றார்.

"நான் சொல்லிக்கிறேன் மாஸ்டர்" என்றேன். சொல்லவும் செய்தேன், கான்ட்ராக்டரும் அந்த ஒரு தடவை ஒன்றும் பேசவில்லை. ஆனால் மாஸ்டர் கேட்டது அந்த ஒரு நாள் அரிசியைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். மிச்சம் விழுந்தால் அவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பந்தியில் சோறு பற்றாமல் போனாலும் அவர்தான் ஏச்சு வாங்குகிறார். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே நிற்கும் மனிதரிடம் நான் கிருமியின் பெயரைச் சொன்னேன். அது தேவையான பேச்சுதான்; அன்று காலை சாப்பிட வந்த பிள்ளைகளில் ஒருவர் வாந்தியெடுத்திருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது. கொட்டிய சோறு உண்மையிலேயே நஞ்சாகியிருந்ததா என்பதை நிரூபிக்கவும் என்னிடம் வழியில்லை. பாதுகாப்பு வேலையில் இது ஒரு சங்கடம்: சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காதபோது நம்மைப் பார்த்தால் வீணடித்தவரைப் போலத்தான் தெரியும்.

இப்போது சோற்றை இரண்டு தடவையாக வடிக்கிறோம். மிஞ்சினால் அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறோம்; அங்கே இடம் போதாதபோது மீதியைக் கொட்டுகிறோம். பிடித்தம் மட்டும் இன்னும் மாஸ்டரின் பெயரில்தான் எழுதப்படுகிறது. அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.