சாட்சியச் சட்டத் தாளுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

சட்டப் படிப்பில் சாட்சியச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் ஒரு நிகழ்வை விவரித்துக் கேட்கப்படும் வினாவின்முன் பேனாவை நகர்த்த முடியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் பலர். அவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, 1959-இல் ஓட்டோ ப்ரெமிஞ்சர் இயக்கிய ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ என்ற அமெரிக்கத் திரைப்படம். எதிர்த்தரப்பின் சாட்சியைக் கேள்வி கேட்டுச் சோதிக்கும் குறுக்கு விசாரணை என்பது என்ன என்பதை எனக்குப் பாடநூலைவிடத் தெளிவாக உணர்த்தியது இதுதான்.

இதன் மூலக்கதையை ராபர்ட் ட்ரேவர் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் வோல்கர், மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தவர். அதற்கு முன் அரசு வழக்கறிஞராக இருந்து, தேர்தலில் அப்பதவியை இழந்து, 1952-இல் அம்மாநிலத்தின் பிக் பே என்னும் சிற்றூரில் நடந்த கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடியவர். படப்பிடிப்பும் அந்த வழக்கு நடந்த மார்க்வெட் நீதிமன்றத்திலேயே நடைபெற்றது. நீதிபதியாக நடித்த ஜோசப் வெல்ச் தொழில்முறை நடிகர் அல்லர். 1954-இல், பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தியை விசாரணை அரங்கில் எதிர்த்து நின்று நாடறிந்தவரான வழக்கறிஞர். சட்ட மாணவர்கள் இப்படத்தை நம்பிப் படிக்கலாம் என்று நான் சொல்வதற்கு இவையே காரணம்.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏற்ற பால் பீக்லர் என்ற பாத்திரம் பதவி இழந்து, வழக்குகள் இன்றி, உதவியாளருக்குச் சம்பளம்கூடத் தர இயலாமல், மீன்பிடிப்பதிலும் பியானோ வாசிப்பதிலும் நாளைக் கழிக்கும் வழக்கறிஞர். குடிக்கு அடிமையாகித் தொழிலை விட்டுவிட்ட மூத்த நண்பர் பார்னெல்தான் அவருக்குத் துணை. மனைவியை ஒருவன் வன்புணர்ந்தான் என்று அறிந்து, சற்று நேரம் கழித்து அவனுடைய மதுவிடுதிக்கே சென்று சுட்டுக் கொன்ற ராணுவ லெப்டினன்ட் மானியனின் வழக்கு இவர்களிடம் வருகிறது. சுட்டதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆகவே, செய்தது யார் என்ற கேள்வியே எழவில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தச் செயலுக்கு விலக்கு உண்டா என்பது ஒன்றே வழக்கு.

படம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி ஓடும். முதல் முறை கதைக்காக முழுதும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை நீதிமன்றக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞர் ஆட்சேபம் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் படத்தை நிறுத்தி, நீதிபதி தீர்ப்பதற்கு முன் நீங்கள் தீர்த்து, அதற்குரிய பிரிவைத் தாளில் எழுதுங்கள். பதிலைத் தானே எடுத்துக் கொடுக்கும் கேள்வியா, அப்படியானால் கேட்பவர் அந்தச் சாட்சியை அழைத்த தரப்பா, எதிர்த்தரப்பா? பழைய சாட்சியச் சட்டத்தின் 141 முதல் 143 வரையான பிரிவுகளும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 146-ஆம் பிரிவும் இந்தப் பயிற்சியில் கையோடு படிந்துவிடும். நீதிபதி சொல்வதும் நீங்கள் எழுதியதும் வேறுபடும் இடங்களைத் தனியே குறித்து வையுங்கள். நமது சட்டமும் அவர்களது சட்டமும் பிரியும் இடங்கள் பெரும்பாலும் அவையாகவே இருக்கும்.

மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டியது மேரி பிலன்ட் என்ற பெண் சாட்சியின் குறுக்கு விசாரணை. மானியன் மனைவியின் தொலைந்த உள்ளாடையைக் கண்டெடுத்ததாக அவள் சாட்சியம் அளிக்கிறாள். அது மானியன் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது. அரசுத் தரப்புக்கு உதவ வந்த டான்சர், ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்தது, மிகத் தேர்ந்த வழக்கறிஞர். அவள் இறந்தவனின் ஆசைநாயகி என்று நம்பி, பொறாமையால் பொய் சொல்கிறாள் என்று நிறுவ, படிப்படியாக நெருக்கிச் செல்கிறார். அவள் இறந்தவனின் மகள் என்பது அவருடைய கேள்விக்கு விடையாகவே வெளிவருகிறது. விடை தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். டான்சருக்குத் தெரியவில்லை என்பதைவிட, தெரியும் என்று அவர் முழுமையாக நம்பினார் என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது. மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயாராகும்போது, உங்கள் கேள்விகளில் எவை ஆவணத்தின்மீது நிற்கின்றன, எவை ஊகத்தின்மீது நிற்கின்றன என்று பிரித்துப் பாருங்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. பீக்லரின் வாதம், செய்வது தவறு என்று தெரிந்தும் தன்னைக் கட்டுப்படுத்த இயலாத உந்துதல் என்பதைச் சார்ந்தது. 1886-ஆம் ஆண்டின் மிச்சிகன் தீர்ப்பொன்று அதற்கு இடமளிக்கிறது. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் அப்படி இடமளிப்பதில்லை. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையோ அறிய இயலாத சித்தசுவாதீனமின்மை இருந்தாக வேண்டும். படத்தின் வாதத்தைத் தேர்வுத் தாளில் அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதும் விடை, பிரிவை மட்டும் ஒப்பிக்கும் விடையைவிட உறுதியாக நிற்கும்.

இதே இடத்தில் நானாவதி வழக்கையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். கடற்படைக் கமாண்டர் நானாவதி, தன் மனைவியோடு உறவு கொண்டிருந்த பிரேம் அஹுஜாவைப் பம்பாயில் சுட்டது 1959 ஏப்ரல் 27 அன்று. இந்தப் படம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும், கடுமையான, திடீர்ச் சினமூட்டல் என்ற விலக்கு அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு, வீட்டை விட்டுப் புறப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்திருந்தது முக்கியக் காரணம். மானியனுக்கும் அப்படி ஓர் இடைவெளி உண்டு. அந்த நேரத்தை இரு நாட்டுச் சட்டங்களும் எப்படி அளக்கின்றன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தொழில் அறநெறித் தாளுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் உரிய காட்சி, நீதிமன்றம் தொடங்குவதற்கு வெகு முன்பே சிறையில் நிகழ்கிறது. கொலைக் குற்றச்சாட்டுக்கு எதிராகச் சட்டம் அனுமதிக்கும் வாதங்களைப் பீக்லர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இது உனக்குப் பொருந்தாது, இதுவும் பொருந்தாது என்று கழித்துக்கொண்டே வருகிறார். எஞ்சியதை அவர் வாயால் சொல்வதில்லை. தனக்குப் பித்துப் பிடித்திருக்க வேண்டும் என்று மானியனே சொல்லும்வரை காத்திருக்கிறார். கட்சிக்காரருக்குச் சட்டத்தை விளக்குவது வழக்கறிஞரின் கடமை. பொய்ச் சாட்சியத்தை உருவாக்கிக் கொடுப்பது குற்றம். இந்தக் காட்சி இரண்டில் எது?

கடமையின் எல்லைக்குள்தான் அவர் நிற்கிறார், ஆனால் எல்லைக் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கிறார் என்பது என் கருத்து. நீங்கள் மாறுபடலாம். எந்தப் பக்கம் நின்றாலும், வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைக் காக்கும் பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவையும், இன்றைய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவையும், சட்டவிரோத நோக்கத்துக்காக நடக்கும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்னும் அவற்றின் வரம்புரையையும் எடுத்துக்காட்டிப் பேசுங்கள். தேர்வாளர் அடுத்து எதைக் கேட்டாலும், அந்த வரம்புரையிலிருந்தே உங்கள் விடையைத் தொடங்க முடியும்.