வேலை முடிஞ்ச சிம்பன்சிய யாரு வச்சுப் பாக்கறது?

போன ஞாயித்துக்கெழம ஊருக்குப் போயிருந்தப்ப கட்டுத்தரைல நிக்கற மயிலைக்காளைய வச்சு ஒரே பேச்சு. ஏரும் இல்ல வண்டியும் இல்ல, சோளத்தட்டு விக்கிற வெலைக்கு இதுக்கெதுக்குங்ப்பா தீனி, கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டிரலாம்னு சித்தப்பா சொல்றாரு. அப்பாரு, "அடிமாட்டுக்குத்தான்டா போகும், இருந்துட்டுப் போகட்டும்"னு முடிச்சுட்டாரு.

எனக்கு அப்ப அமெரிக்கா சிம்பன்சிக ஞாபகம் வந்துச்சு, சிரிக்காதீங்க.

எச்ஐவிக்கு தடுப்பூசி கண்டுபிடிக்கணும்னு 1986ல அங்க அரசாங்கமே சிம்பன்சிகள குட்டி போட வச்சு வளக்க ஆரம்பிச்சுது. நம்ம நாட்ல மொதல்ல சென்னைல எச்ஐவி கண்டுபிடிச்சதும் அதே வருசம்தான். எங்க நாமக்கல் பக்கம் லாரிக்குப் போற குடும்பங்கள்ல இந்த வியாதி பேச்செடுத்தாலே கொரலு கம்மியாயிரும், அதனால ஆராய்ச்சியே பண்ணக்கூடாதுன்னு நான் சொல்ல வரலைங்க.

ஆனா நடந்தது என்னன்னா, வைரஸ் அதுக ஒடம்புல ஏறுது, வியாதி வர மாட்டேங்குது. அட்லாண்டால ஒரு சிம்பன்சிக்கு வைரஸ ஏத்தி சுமார் பத்து வருசம் கழிச்சுத்தான் எய்ட்ஸ் வந்துச்சு. 1990ல எச்ஐவி வைரஸ் மேல இருக்கற ஜிபி120ங்கற புரதத்த வச்சு செஞ்ச ஒரு தடுப்பூசி சிம்பன்சிய காப்பாத்திருச்சுன்னு சந்தோசப்பட்டாங்க, அதே வகை ஊசிய மனுசங்களுக்குப் போட்டுப் பாத்து 2003ல முடிவு வந்தப்ப ஒண்ணும் பிரயோசனம் இல்ல.

அதுக்குள்ள குட்டிக பெருசாயிருச்சே! ஒவ்வொண்ணும் அம்பது வருசம் கூட இருக்கும். ஒடம்புல வைரஸோட காட்டுலயும் விட முடியாது, மத்ததுகளோட நெனச்ச மாதிரி சேத்து அடைக்கவும் முடியாது, ஆனா தனியா போட்டா சிம்பன்சி கிறுக்குப் புடிச்சு தன்னையே கடிச்சுக்கும், முடியப் பிச்சுக்கும். நியூயார்க் பக்கம் ஒரு லேப்ல அஞ்சடிக்கு அஞ்சடி, ஏழடி ஒசரம் கூண்டு, தரைல கூட படாம தொங்க விட்டிருந்தாங்க, கிளிக்கூண்டாட்ட. எங்க கட்டுத்தரைல காளைக்கே அதவிட எடம் இருக்குதுங்க.

1997ல ஒரு நிபுணர் குழு, எண்ணிக்கைய கொறைக்கறதுக்காக கொல்லக்கூடாது, அஞ்சு வருசத்துக்கு குட்டி போட விடாதீங்கன்னு சொல்லுச்சு. அதே வருசம் கனடால கியூபெக்ல ஃபானா ஃபவுண்டேஷன்னு ஒரு விலங்கு காப்பகத்துக்காரங்க அந்த நியூயார்க் லேப்ல இருந்து 15 சிம்பன்சிய கூட்டிட்டுப் போனாங்க, அதுல எட்டு எச்ஐவி ஏத்துனது. வேற யாரும் தொடப் பயந்ததுகள எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு தெகிரியம் வேணும்ல. பாத்துக்கறதும் லேசுல்ல, கடி வாங்காம, ரத்தம் படாம இருக்கணும், நம்ம சளி காய்ச்சல் அதுக்குத் தொத்தாமயும் பாக்கணும், ராத்திரி கூடு கட்டிப் படுக்கற ஜாதி, போர்வையும் வைக்கோலும் போடணும், சும்மா ஒக்காந்திருக்காம எதையாச்சும் நோண்டித் திங்கற மாதிரி தீனிய ஒளிச்சு வேற வெக்கணும்.

அமெரிக்கால ஆராய்ச்சி முடிஞ்ச சிம்பன்சிகள கடைசி வரைக்கும் வச்சுப் பாக்கணும்னு 2000ல சட்டமே போட்டாங்க, 2005ல லூசியானால சிம்ப் ஹேவன்னு அதுகளுக்கு ஒரு காப்பகம் தொறந்தாங்க, 2015ல அரசாங்க ஆராய்ச்சில இருந்த மிச்சம் சிம்பன்சிகளுக்கும் ரிட்டயர்மென்ட்னு அறிவிச்சாங்க.

இத்தனையும் அப்பாருகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "செலவு ஆரு குடுக்கறாங்க?"ன்னாரு.

பராமரிப்புல முக்கால்வாசி அரசாங்கம், மிச்சம் நன்கொடைங்கன்னேன்.

"முக்கால்வாசியா? நம்ம மயிலைக்கு எவன்டா குடுக்கறான்"னுட்டு தட்டு வெட்டப் போயிட்டாரு.