விளாதிவோஸ்தோக்கிலிருந்து மாஸ்கோ வரை

நாகர்கோவில் நண்பர்களுடன் முதுகுப்பை சுமந்து ஆசியாவைத் தரைவழியாகவே கடக்க விரும்பியதற்குக் காரணம், விமானம் நிலத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே. ரஷ்யாவின் கிழக்குக் கடலோர நகரான விளாதிவோஸ்தோக்கிலிருந்து மாஸ்கோ வரை ஏறத்தாழ 9,289 கி.மீ. நீளும் சைபீரிய இருப்புப்பாதையில், 54 படுக்கைகள் கொண்ட திறந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வெந்நீர்க் கலனே எங்கள் அடுப்பங்கரை. நாங்கள் கொண்டுபோன சுக்கும் கருப்பட்டியும் எதிர்ப்படுக்கைப் பாட்டியின் குவளைக்கும் போயின.

உலகின் மிக ஆழமான ஏரியான பைக்கால் சன்னலோரம் நெடுநேரம் உடன்வந்தபோது, முட்டத்தில் வளர்ந்த நண்பன் அதைக் கடலென்றே சொன்னான். இர்குட்ஸ்க்கில் இறங்கி, பேருந்தில் ஏரிக்கரை ஊரான லிஸ்த்வியான்கா சென்று, ஒரு வாய் அள்ளிக் குடித்த பிறகே அவன் ஏரியென்று ஒப்புக்கொண்டான்.

இரு முனைகளுக்கும் ஏழு மணிநேர வேறுபாடு உண்டு. மேற்கு நோக்கிச் சென்றால் நாள் நீள்வதால் உறக்கம் அதிகம் கெடுவதில்லை, ஆகவே கிழக்கிலிருந்து தொடங்குவதையே பரிந்துரைக்கிறேன்.