டைனோசரைத் தாண்டிப் போனால் பூமராங்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி முற்றங்களைப் படம் பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் லண்டன் திரும்பிவிடுகிறார்கள். பார்க்ஸ் ரோடு வரை நடந்தால், டிக்கெட் இல்லாமலே ஒரு முழு நாளைப் போக்க இரண்டு மியூசியங்கள் இருக்கின்றன.

முன்னால் இருப்பது இயற்கை வரலாற்று மியூசியம். கண்ணாடிக் கூரை, இரும்புத் தூண்கள், நல்ல வெளிச்சத்தில் டைனோசர் எலும்புக்கூடுகள். 1860-இல் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் டார்வினின் பரிணாமக் கொள்கையை வைத்து வாதத்தில் மோதிக்கொண்டது இந்தக் கட்டடத்தில்தான்.

கூடத்தின் கோடியில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் பிட் ரிவர்ஸ் மியூசியம். உள்ளே ஒரே இருட்டு. கண்ணாடிப் பெட்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, பல பொருட்களில் பொடி எழுத்தில் கையால் எழுதிய சீட்டு. இங்கே நாடுவாரியாக எதுவும் இல்லை. உலகத்து விளக்குகளெல்லாம் ஓரிடம், பூட்டுகளெல்லாம் ஓரிடம்.

காரணம் ஒரு ராணுவ அதிகாரி. 1850-களில் துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்த பிட் ரிவர்ஸ், எந்தத் துப்பாக்கியும் திடீரென்று பிறக்கவில்லை, முந்தையதில் சின்னச் சின்ன மாற்றம் செய்தே அடுத்தது வந்தது என்று கவனித்தார். எல்லாப் பொருளுக்கும் அதுதான் விதி என்று நம்பிச் சேகரிக்கத் தொடங்கினார். 1884-இல் அந்தச் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, வகைவாரியாகத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்.

1875-இல் அவர் வெளியிட்ட வரைபடம் ஒன்று பிரபலம். நடுவில் ஒரு சாதாரணக் குச்சி. ஒரு பக்கம் அது பருத்துத் தடியாகிறது, இன்னொரு பக்கம் வளைந்து பூமராங், அகன்று கேடயம், நீண்டு ஈட்டி. எல்லாம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஆயுதங்கள். பார்க்கவே அழகு, நம்பிவிடத் தோன்றும்.

ஆனால் அவை மண்ணடுக்குகளில் கிடைத்த புதைபடிவங்கள் இல்லை, ஏறக்குறைய ஒரே காலத்தில் புழங்கியவை. எளிமையாக இருப்பதுதான் பழையது என்று அவராகவே வரிசை கட்டிவிட்டார். அதோடு, தன் காலத்தில் வாழ்ந்த மனிதர்களையே ஆதிமனிதனின் படியில் உட்கார வைத்தார். டார்வின் வரைந்ததோ மரம், ஏணி அல்ல. இன்றிருக்கும் சிம்பன்ஸி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி.

இதற்காகப் பரிணாமச் சிந்தனையையே மற்ற துறைகளிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. ஜெர்மன் மொழியியலாளர் ஷ்லைகர் 1853-லேயே, டார்வின் புத்தகத்துக்கு முன்பே, மொழிகளுக்கு மரம் வரைந்திருந்தார். 1998-இல் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் கையெழுத்துப் பிரதிகளை, உயிரினங்களின் வம்சாவளி தேடும் முறையிலேயே கணினியில் ஒப்பிட்டார்கள். எழுத்தர் செய்த பிழை, அதைப் பார்த்து எழுதிய பிரதிக்கும் போகும் அல்லவா? அங்கே பிரதியெடுத்தல் என்ற நிஜமான வழி இருக்கிறது, அதனால் மரம் பொருந்துகிறது. பூமராங் வரைபடத்தில் எனக்குக் கிடைக்காதது அந்த வழிதான்.

இன்னொன்றும் உண்டு. மாற்றம் படிப்படியாகத்தான் வரும் என்று பொருட்களைப் பார்த்துப் பழகிவிட்டால், ஜனங்கள் புரட்சிப் பேச்சுக்கு எடுபட மாட்டார்கள் என்று பிட் ரிவர்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். பெரிய நிலக்கிழார் வேறு, கேட்கவா வேண்டும்!

சுருக்கிய மனிதத் தலைகளைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2020-இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆயுதங்கள் மேல்தளத்தில் இருக்கின்றன. திங்கட்கிழமை என்றால் பிட் ரிவர்ஸ் மதியம்தான் திறக்கும், அதுவரை டைனோசர்களோடு இருங்கள்.