குளோபல் என்ட்ரி: ‘பெண்டிங் ரிவ்யூ’ நகராமல் நிற்பது எதனால்?

அமெரிக்காவில் இறங்கும்போது நீண்ட குடிநுழைவு வரிசையில் நிற்காமல் சீக்கிரம் வெளியே வர, முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்கு அமெரிக்க அரசு தரும் சலுகைதான் குளோபல் என்ட்ரி. அதற்குப் பணம் கட்டி மாதக்கணக்காகியும் ஸ்டேட்டஸ் ‘பெண்டிங் ரிவ்யூ’விலேயே நிற்கிறது என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஜிஇபி (குளோபல் என்ட்ரி புரோகிராம்) என்று இந்தியத் தரப்பில் நடக்கும் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தாயிற்றா? பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்தியக் குடிமக்களுக்கு இத்திட்டம் 2017-இல் திறக்கப்பட்டது. டிடிபி எனும் அமெரிக்க அரசின் விண்ணப்பத் தளத்தில் படிவம் நிரப்பி 120 டாலர் கட்டியதும் (2024 அக்டோபருக்கு முன் 100) அமெரிக்கத் தரப்பு தன் பரிசீலனையைத் தொடங்கும். மறுபாதி, இந்தியக் காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பு. அதற்கு நாமே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும், பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் இதிலிருந்து தப்ப முடியாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் லாகின் செய்தால் ஜிஇபி-க்கென்று தனி விண்ணப்பம் இருக்கிறது; அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகச் சேவை மையம் வழியாகப் போக வேண்டும். வேறு வேலைக்கு வாங்கிய பிசிசி (காவல்துறை தரும் நற்சான்று) இதற்கு ஈடாகாது. பணம் கட்டிய கையோடு இதையும் தொடங்கிவிடுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை முகவரி. பாஸ்போர்ட்டில் இருப்பது எப்போதோ விற்றுவிட்ட வீடாக இருக்கும். போலீஸ்காரர் போய் விசாரித்தால் “அப்படி யாரும் இங்கே இல்லை” என்பார்கள், ஃபைல் அங்கேயே படுத்துவிடும். ஊரில் அப்பா அம்மா இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதற்றப்படாமல் பேச வேண்டும். உங்கள் பாஸ்போர்ட், ஆதார் நகல்களும் போட்டோவும் கைவசம் இருக்கட்டும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக, முழுப் பெயரும் ‘கிவன் நேம்’ கட்டத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் அப்படியே சர்நேமுக்குப் போய், கிவன் நேம் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். டிடிபி படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் சிலர் அப்பா பெயரை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பின்னால் விமான டிக்கெட்டில் உள்ள பெயரும் உறுப்பினர் பெயரும் பொருந்தாவிட்டால், போர்டிங் பாஸில் டிஎஸ்ஏ பிரீசெக் (அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை விரைவாக முடிக்கும் சலுகை) வராது.

‘கண்டிஷனல் அப்ரூவல்’ (இன்டர்வியூவுக்கு முந்தைய தற்காலிக ஒப்புதல்) வந்தபின் இன்டர்வியூவுக்கு 730 நாள் அவகாசம் உண்டு. பெரிய ஊர்களில் ஸ்லாட் கிடைப்பது கடினம். யாராவது ரத்து செய்தால்தான் திறக்கும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலேயே முடிப்பது. நியூயார்க் ஜேஎஃப்கே, நெவார்க், சான் பிரான்சிஸ்கோ, டாலஸ் உட்படப் பல இடங்களில் முன்பதிவு தேவையில்லை. குடிநுழைவு அதிகாரியிடம் “என்ரோல்மென்ட் ஆன் அரைவல்” என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு, முகவரிக்கு ஓட்டுநர் உரிமமோ மின்கட்டண ரசீதோ கையில் வேண்டும். கைரேகை, போட்டோ, சில கேள்விகள், அவ்வளவுதான். ஆனால் அபுதாபி வழியாக வருபவர்களுக்கு அமெரிக்கக் குடிநுழைவு அங்கேயே முடிந்துவிடும். இறங்கும் ஊரில் உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

பழைய கைது எதுவும் இருந்தால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் மறைக்காதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பின் நகலோடு போங்கள். சுங்க மீறலும் விண்ணப்பத்தைக் கவிழ்க்கும். அம்மா பெட்டியில் வைத்துவிட்ட ஒரு கட்டு பச்சைக் கறிவேப்பிலைகூட அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை உள்ள பொருள். அறிவிக்காமல் சிக்கினால், உறுப்பினர் ஆனபிறகும் பறிபோகலாம்.

புதுப்பிக்க, உறுப்பினர் காலமான ஐந்தாண்டு முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். காலாவதிக்கு முன்பே போட்டுவிட்டால், முடிவு தாமதமானாலும் 24 மாதம் வரை சலுகை தொடரும். ஒருநாள் தாண்டிப் போட்டாலும் இந்த நீட்டிப்பு கிடையாது. இடையில் பாஸ்போர்ட் மாற்றியிருந்தால் புது எண்ணை டிடிபி கணக்கில் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.